மலைச்சாலையில் சாஃப்ட் டாப் வண்டி: பின்பார்வையையும் இரைச்சலையும் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் கேன்வாஸ் ஹூட் (துணிக்கூரை) போட்ட மஹிந்திரா தாரோ பழைய ஜீப்போ வாங்குகிறவர்கள் முதல் மழையிலேயே இரண்டு குறை சொல்வார்கள். பின்னால் வருவது தெரியவில்லை. உள்ளே பேசுவது கேட்கவில்லை. உடனே பின்பார்வைக்குக் கேமரா, இரைச்சலுக்குத் தகட்டின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் என்று தனித்தனியாகப் பணம் போட ஆரம்பிப்பார்கள்.

இரண்டு குறைக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: தொளதொளவென்று கிடக்கும் ஹூட். தளர்ந்த துணி காற்றில் படபடக்கிறது. அதில் தைத்த பிளாஸ்டிக் ஜன்னல் நெளிந்து, பின்னால் வரும் பஸ்ஸை இரண்டாக மடித்துக் காட்டுகிறது. விளிம்பில் விட்ட சந்து வழியாக ஈரக்காற்று நுழைந்து அதே ஜன்னலில் ஆவியாகப் படிகிறது. ஆகவே வேலையை ஹூட்டில் தொடங்க வேண்டும். கேமராவும் ஷீட்டும் கடைசியில்தான் வரும். இந்த வரிசையை மாற்றினால் ஒட்டிய ஷீட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கித் தரை துருப்பிடிக்கும்.

பின் ஜன்னல் கண்ணாடியாகவே இருந்து, அதில் சூடேற்றும் கம்பியும் ஓடுகிற கன்வெர்ட்டிபிள் கார் வைத்திருப்பவர்கள் 4-ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன்

தொடர்ந்து இரண்டு நாள் வெயில் வேண்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடி. இரண்டு பக்கத்துக்கும் தோதான காலம் மாசி, பங்குனி. மார்கழி, தையில் வெயில் அடித்தாலும் ஊட்டியில் காலை உறைபனி இருக்கும். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் ஜன்னலைத் தொடவே கூடாது.

எடுத்து வைக்க வேண்டியவை: மைக்ரோஃபைபர் துணி நான்கு, வாளி இரண்டு, மென்மையான கார் ஷாம்பு, மென்மயிர் பிரஷ், பிளாஸ்டிக்குக்கான பாலிஷ், சிலிகான் ஸ்ப்ரே, சாக்பீஸ், மாஸ்கிங் டேப், டார்ச், டயர் பிரஷர் கேஜ், முடி உலர்த்தும் டிரையர். கூட ஒருவர் இருக்க வேண்டும். பின்பார்வைக் கண்ணாடி சரிபார்க்கும் வேலையைத் தனியாகச் செய்ய முடியாது.

1. ஹூட்டைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள்

மண் படிந்த துணியை இழுத்துக் கட்டினால் அந்த மண்ணே தையலை அறுக்கும். முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு ஷாம்பு நுரையில் மென்மயிர் பிரஷ்ஷை நெசவின் போக்கிலேயே ஓட்டுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது பிரஷர் கன்னை ஹூட்டில் அடிக்க விடாதீர்கள். தையல் துளைகளில் இருக்கும் காப்புப் பூச்சு போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தையல் வழியாகத் தண்ணீர் சொட்டும்.

மலையில் வெளிப்பக்கம் காய்ந்தாலும் மடிப்புக்குள் ஈரம் நிற்கும். வளைவுக் கம்பிகளைத் துணி சுற்றிக்கொள்ளும் இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு மடித்த ஹூட்டில் சில நாளிலேயே கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறை முழுதாகப் போவதில்லை.

2. ஹூட்டை வரிசைப்படி இழுத்துக் கட்டுங்கள்

இதை நண்பகலில் செய்யுங்கள். குளிரில் சுருங்கிய துணியைக் காலையில் இழுத்தால் ஜிப்பின் பற்கள் தெறிக்கும். வெயிலில் அரைமணி நேரம் நின்ற ஹூட் கைக்கு இசைந்து வரும்.

எல்லா ஜிப், பட்டன், பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். முன்பக்கம் சரியாக உட்கார்ந்து பூட்டிய பிறகு, வளைவுக் கம்பிகள் தம் இடத்தில் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது இரண்டு பக்கங்கள். பின் ஜன்னல் துண்டு கடைசி. புதியவர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தை முதலில் பூட்டிவிட்டு முன்னால் இழுக்கிறார்கள். அப்போது இழுவிசை முழுவதும் பிளாஸ்டிக் ஜன்னலில் விழும். அது அலையலையாக நெளிந்துவிட்டால் மறுபடி தட்டையாவது கடினம்.

ஜிப்பை இழுப்பதற்கு முன் அதன் இரண்டு ஓரத்தையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிப்பின் வேலை மூடுவது மட்டுமே, துணியை இழுப்பது அல்ல. பற்களில் மெழுகுவத்தியை ஒருமுறை தேய்த்தால் சீராக ஓடும்.

கட்டி முடித்ததும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்தவுடன் துணி எழும்ப வேண்டும். குழியாகவே நின்றால் துணி நீண்டுவிட்டது. குஷன் கடையில் கொடுத்துப் பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலியஸ்டர் நூல் போடச் சொல்லிக் கேளுங்கள், பருத்தி நூல் மலை ஈரத்தில் மக்கிவிடும். பின் ஜன்னலைச் சுற்றியுள்ள தையலைப் பிடிக்க விடவே கூடாது.

3. சந்துகளைக் கண்டுபிடியுங்கள்

கதவு பீடிங் (விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை) முழுவதையும் மாற்றுவது வீண் செலவு. காற்று எங்கே நுழைகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒரு காகிதப் பட்டையைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுங்கள். பிடித்துப் பிடித்து வந்தால் பீடிங் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே சந்து. ஒரு சாண் இடைவெளியில் கதவைச் சுற்றிலும் இப்படியே பாருங்கள். மேல் மூலையில், ஹூட் துணியும் கதவும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பட்டை வழுக்கும்.

அந்த இடத்தில் பீடிங் மேல் சாக்பீஸ் பூசிக் கதவைச் சாத்தித் திறங்கள். எதிர்ப்புறத்தில் வெள்ளைக்கோடு விட்டுப்போன நீளம்தான் சரிசெய்ய வேண்டிய நீளம். ரப்பர் தட்டையாகிப் போயிருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். ரப்பர் நன்றாக இருந்தும் படவில்லை என்றால் கதவின் பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே பெரிய மாற்றம் தெரியும்.

இரவில் இன்னொரு சோதனை. உள்ளே ஒருவர் டார்ச்சை விளிம்போடு நகர்த்தட்டும், வெளியே நீங்கள் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும், மழையும் கசியும்.

கடைசியாக மாஸ்கிங் டேப். சந்தேகப்பட்ட இடத்தை வெளியிலிருந்து டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் அதுதான் இடம். ஒரு ஓட்டத்துக்கு ஒரே இடத்தை மட்டும் மூட வேண்டும். நான்கையும் சேர்த்து மூடினால் எது உதவியது என்று தெரியாது.

பீடிங்குக்குச் சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

4. பிளாஸ்டிக் பின் ஜன்னல்

பின்பார்வையில் பாதி இந்த ஒரு ஷீட்டில் இருக்கிறது. காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே போதும், சாலைத்தூசி ஊசி முனைபோல் கீறிவிடும். பகலில் அந்தக் கீறல்கள் கண்ணுக்குப் படாது. இரவில் பின்னால் ஒரு லாரி விளக்கைப் போட்டதும் எல்லாக் கீறலும் ஒன்றாக எரிந்து, ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிடும்.

முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஷாம்பு நீரில் முக்கிய மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புது மடிப்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறலும் வட்டமாக விழும், அது எந்தத் திசையிலிருந்து வரும் விளக்கையும் சிதறடிக்கும். பிறகு வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்தபின் பிளாஸ்டிக் பாலிஷ் மெல்லிய பூச்சு ஒன்று போதும்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. செய்தித்தாளும் ஆகாது. வீட்டு ஜன்னலுக்குப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும், அதனால்தான் சொல்கிறோம்.

குளிரில் மடிக்காதீர்கள். உறைபனிக் காலையில் இந்த ஷீட் விறைத்து இருக்கும், மடித்த கோட்டிலேயே வெடிக்கும். வெயிலிலோ ஹீட்டரிலோ சூடேறி, கைக்கு வளைந்து கொடுக்கிறதா என்று பார்த்த பிறகே மடிக்க வேண்டும். மடிக்கும்போது நடுவே ஒரு சுத்தமான போர்வைத் துணியை வையுங்கள்.

மஞ்சளாகிவிட்டால் பாலிஷ் போட்டு மாளாது. அந்தத் துண்டை மட்டும் குஷன் கடையில் மாற்றலாம். 0.75 முதல் 1 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். அரை மில்லிமீட்டர் ஷீட் விலை குறைவு, ஆனால் காற்றில் நெளியும். சுருளாக வந்ததைவிடத் தட்டையான ஷீட்டாக வருவதில் காட்சி தெளிவாக இருக்கும். நிறம் போட்ட ஷீட்டை வாங்காதீர்கள். முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையாவது விட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதி இல்லாவிட்டாலும், மூடுபனியில் கறுப்பு ஜன்னல் சுவருக்குச் சமம்.

ஆவி படிவதற்கு வருவோம். இந்த ஷீட்டில் சூடேற்றும் கம்பி கிடையாது, ஆகவே காற்றைத்தான் உலர்த்த வேண்டும். ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வரும் நிலையில் வையுங்கள். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். குளிருகிறதே என்று ஏசியை அணைத்து, உள்காற்றையே சுற்றவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நனைந்த மேட், குடை, ஸ்வெட்டர் வண்டிக்குள் கிடக்கும்வரை எந்த ஹீட்டரும் ஜெயிக்காது. இரவில் மேட்டை வீட்டுக்குள் எடுத்துப் போடுங்கள்.

ஆவி போக வேண்டுமென்று பின் ஜன்னல் ஜிப்பை மட்டும் திறந்துவிட்டு ஓட்டாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைந்து, சைலன்ஸர் புகை அந்த வழியாக உள்ளே வரும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் அந்தப் புகையில் இருக்கும். திறக்க வேண்டுமானால் முன்கதவுக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்குங்கள்.

5. இருக்கை முதலில், கண்ணாடி பிறகு

இருக்கையை மாற்றினால் கண்ணாடியின் கோணமும் மாறும். ஆகவே கிளச்சை முழுதாக மிதிக்க வசதியாக உட்கார்ந்து இருக்கையைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உள் கண்ணாடியில் பின் ஜன்னல் முழுவதும் அடங்கட்டும். கீழ்ப்பாதியை ஸ்டெப்னி மறைக்கும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பக்க ஹூட் துணி மறைக்கிற இடம்தான் பெரிய ஆபத்து. அதற்கு வெளிக்கண்ணாடிகளை அகலமாகத் திருப்ப வேண்டும். தலையை வலது ஜன்னல் கண்ணாடியைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, வண்டியின் பக்கவாட்டு மயிரிழை தெரியும் வரை வலது கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு தலையைக் கியர் லீவருக்கு நேர் மேலே கொண்டுவந்து இடது கண்ணாடியையும் அப்படியே வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்த வண்டியே தெரியாது. முதல் நாள் பதற்றமாக இருக்கும், பழகிவிடும்.

இப்போது கூட இருப்பவரைப் பின்னாலிருந்து வண்டியை ஒட்டி நடந்து வரச் சொல்லுங்கள். உள் கண்ணாடியிலிருந்து மறைவதற்குள் வெளிக்கண்ணாடியில் தெரிய வேண்டும். அதிலிருந்து மறைவதற்குள் உங்கள் கண்ணோரத்தில் பட வேண்டும். நடுவே காணாமல் போனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மறுபடி திருப்புங்கள்.

இப்படி வைத்தால் பின்சக்கரமும் சாலையோர ஓடை விளிம்பும் தெரியாது. மலையில் அவை தெரிந்தே ஆக வேண்டும். இரண்டு வெளிக்கண்ணாடியிலும் கீழ் வெளிமூலையில் 2 அங்குலக் குவிகண்ணாடி ஒட்டி, அதைப் பின்சக்கரம் பார்க்கத் திருப்புங்கள். ஒட்டும் முன் இடத்தை டிரையரால் சூடாக்குங்கள். சில்லிட்ட கண்ணாடியில் ஒட்டினால் ஒரே மழையில் விழுந்துவிடும். குவிகண்ணாடியில் தெரியும் வண்டி உண்மையில் இன்னும் கிட்டத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சாஃப்ட் டாப்பில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஏறி வரும் பஸ் எதிரே நின்றால், மேட்டில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். கூட வந்தவரை இறக்கி, உங்கள் வலது கண்ணாடியில் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இடது குவிகண்ணாடியில் ஓடை விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

6. கேமரா

இரண்டு வகை உண்டு. ரிவர்ஸ் போட்டால் மட்டும் எரிவது ஒன்று. உள் கண்ணாடியையே திரையாக்கி எப்போதும் பின்னால் காட்டுவது இன்னொன்று. ஜன்னல் பழுத்த வண்டிக்கும், எப்போதும் பின்னால் சாமான் ஏற்றும் வண்டிக்கும் இரண்டாவதுதான் பயன். புதிதாக வாங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வோம்.

கேமராவை ஸ்டெப்னிக்குக் கீழே நம்பர் பிளேட் பக்கம் வைத்தால் சேறு படும். ஸ்டெப்னியின் நடுத்துளையிலோ அதற்கு மேலோ ஒரு தகடு கொடுத்துப் பொருத்துங்கள். தூசியும் நீரும் புகாத தரம், குறைந்தது ஐபி 67, இருக்கட்டும். வயரைக் கதவுக் கீல் பக்கமாக, கதவு முழுதும் திறக்கும் அளவுக்குத் தளர்வு விட்டுக் கொண்டுவாருங்கள். ஜிப் வழியாகக் கொண்டுவந்தால் ஜிப்பும் போகும், வயரும் அறுபடும். மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து, தனி ஃபியூஸோடு எடுக்க வேண்டும். நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகாது.

மூடுபனியில் லென்ஸிலும் நீர் பூக்கும். கிளம்பும்போது விரல்நுனித் துணியால் ஒற்றி எடுங்கள். கேமரா இருக்கிறதென்று கண்ணாடி பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

7. மீதமுள்ள சத்தம் எங்கிருந்து வருகிறது

ஹூட்டும் பீடிங்கும் முடிந்த பிறகே இதைத் தேடுங்கள். ஒரே நேரான துண்டுச் சாலை, ஒரே வேகம், ஒரே கியர். ஊட்டி–கூடலூர் சாலையில் பைக்காரா பக்கம் அதிகாலையில் இதற்கு இடம் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் அளக்க வேண்டாம், அங்கே பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் என்ஜின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சாலைத்தளம் மாறும்போது சத்தம் மாறினால் டயர். வேகத்துக்குத் தகுந்து ஊளையிட்டு, நியூட்ரலில் என்ஜினை ஏற்றினால் வராமல் இருந்தால் டயரோ வீல் பேரிங்கோ. இந்த இரண்டையும் பிரிக்க வளைவுகளே உதவும்: இடப்பக்கம் வளையும்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங், ஏனென்றால் அப்போது எடை அந்தப் பக்கம் சாய்கிறது.

டயர் பட்டன்களின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் ரம்பம் என்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. வளைவுகளால் முன் டயரின் வெளித்தோள் சீக்கிரம் தேயும், ஆகவே 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள். மட் டெரைன் டயர் போட்டுக்கொண்டு அமைதி தேட முடியாது. தோட்டத்துச் சேற்றில் தினமும் இறங்காதவர்களுக்கு ஹைவே டயரோ ஆல் டெரைன் டயரோ போதும்.

காற்று அழுத்தத்தில் ஒரு குழப்பம் உண்டு. சுமார் 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் காற்றுப் பிடித்து, 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு ஏறினால், வெளிக்காற்று மெலிவதால் கேஜ் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். 20 டிகிரிக்கு மேல் குளிர் கூடினால் அதே அளவு இறங்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். ஆகவே ஏறிவந்த சூட்டில் காற்றை இறக்காதீர்கள். மறுநாள் காலை, வண்டி ஓடும் முன் கேஜ் வைத்து, கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

8. டேம்பிங் ஷீட்டும் உள்ஹூட்டும்

தண்ணீர் எங்கும் நுழையவில்லை என்று ஒரு மழை பார்த்து உறுதி செய்த பிறகே இது. மேட்டைத் தூக்கித் துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடியுங்கள்.

2 மில்லிமீட்டர் பியூட்டைல் (ஒருவகை ரப்பர்) டேம்பிங் ஷீட் வாங்குங்கள். பிட்டுமன் (சாலைத் தார்) ஷீட் சமவெளி வெயிலில் நாறும். தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை, நடுவே மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதிர்வு அடங்கும். விரலால் தட்டிப் பாருங்கள். டங் என்றது டக் என்றால் போதும். குளிர்ந்த தகட்டில் பியூட்டைல் பிடிக்காது. தகட்டையும் ஷீட்டையும் டிரையரால் சூடாக்கி உருளையால் அழுத்துங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மூடிவிடாதீர்கள்.

அதன் மேல் நீர் குடிக்காத மூடிய துளை ஃபோம், 5 அல்லது 6 மில்லிமீட்டர். சாதாரண ஸ்பாஞ்ச் போட்டால் மழைக்காலம் முழுதும் ஈரத்தைப் பிடித்துவைத்து, 4-ஆம் பகுதியில் சொன்ன ஆவியைத் திரும்பக் கொண்டுவரும்.

ஹூட்டின் உட்புறம் மாட்டும் கம்பளித் துணி உள்ஹூட், மழை கொட்டும் சத்தத்தையும் விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும் நீரையும் நன்றாகவே குறைக்கும். செலவழிக்கும் பணத்துக்கு இதில்தான் பலன் அதிகம் என்பது எங்கள் மதிப்பீடு. வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கழற்றிக் காயவைக்க முடிய வேண்டும். ஹூட்டையே எடுத்துவிட்டு ஹார்ட் டாப் மாட்ட நினைப்பவர்கள், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறான மாற்றம் ஆகுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. எந்தச் சத்தத்தை விட்டுவைக்க வேண்டும்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருவது கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். வேலை முடிந்ததும் வண்டியை மூடி உள்ளே உட்காருங்கள். கூட இருப்பவர் ஒரு வளைவு தாண்டி நின்று இன்னொரு வண்டியின் ஹாரனை அடிக்கட்டும். கண்ணாடி ஏற்றிய நிலையில் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வளைவுகளில் முன்ஜன்னலை இரண்டு விரல் இறக்கி, பாட்டை நிறுத்தி ஓட்டுங்கள். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் காதில் இயர்போனோ பஞ்சோ வேண்டாம்.